பயிற்சி வண்டியில் ஒரு மணி நேரம்

அந்த வீட்டில் பேசக் கூடாத ஒரே ஆள் அப்பாதான். சட்டம் போட்டது அம்மா.

தொண்டை கட்டி மாதக்கணக்கில் தெளியாமல் இருந்தபோது, தெருமுனை டாக்டர், "கொஞ்ச நாளைக்குப் பேச்சைக் குறைச்சுக்குங்க, தொண்டைக்கு ஓய்வு குடுங்க" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது அவ்வளவுதான். அம்மா குறைக்கவெல்லாம் இல்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். அப்பா வாயைத் திறந்தால் போதும், சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நிற்பாள்.

"என்ன வேணும்? கையைக் காட்டுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

இருமினால்கூட, "அதையும் மெதுவா இருமுங்க" என்பாள்.

கையைக் காட்டினால் அம்மாவுக்குப் புரியாது. தண்ணீர் கேட்டால் துண்டு வரும். துண்டு கேட்டால் மாத்திரை வரும். மூத்த மகள் பெரியவளின் கணவர் ஒரு நாள், பழைய வண்டிகளில் ரப்பர் பந்து வைத்து ஒரு ஹார்ன் இருக்குமே, அதை எங்கிருந்தோ தேடி வாங்கி வந்தார். "மாமா, இனிமே நீங்க மனுஷன் மாதிரி பேச வேண்டாம், வண்டி மாதிரி பேசுங்க." வேடிக்கைக்குத்தான் கொடுத்தார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சின்னதாக ஒரு 'பாம்' என்றால் டீ. நீளமாக அடித்தால் அம்மா உடனே வர வேண்டும். மருமகன் அரசியல் பேச ஆரம்பித்தால் விடாமல் அடிப்பார்.

வீடே சிரித்தது. இளைய மகள் சின்னவளும் சிரித்தாள். அதெல்லாம் உண்மை தெரிவதற்கு முன்னால்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரைமேல் மஞ்சள் பலகை, முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' எழுத்து. ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே அப்பாவின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறிப்போனால் அப்பா தன் பக்கத்தில் மிதிப்பார், வண்டி நிற்கும். "பிரேக் என்கிட்ட இருக்கு, பயம் உங்ககிட்ட இருக்கு. பயத்தை என்கிட்ட குடுத்துட்டு நீங்க ஸ்டீரிங்கைப் பிடிங்க" என்பது அவருடைய முதல் பாடம். இதைச் சின்னவள் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. கடைத்தெருவில் யாரோ ஒரு பெண்மணி சொல்லிக் காட்டித்தான் கேட்டாள்.

ஊரில் பாதிப் பேர் அப்பாவைப் போலப் பேசிக் காட்டுவார்கள். தையல்காரர் காட்டுவார். பல் டாக்டர், அவள் வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டே, "கிளட்ச் என்ன கரப்பான் பூச்சியா, அந்த மிதி மிதிக்கிறீங்கன்னு கேட்டாரும்மா உங்கப்பா" என்று சொல்லிச் சிரித்தார். வண்டிக்குள் அப்பா கதை சொல்வாராம், திட்டுவாராம், சிக்னலில் நிற்கும்போது பாடுவாராம். காலையிலிருந்து இருட்டும்வரை ஊராரோடு பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அவரிடம் சொல் மிச்சம் இருக்காது. சாப்பிடுவார், "ம்" என்பார், படுத்துவிடுவார். சின்னவளுக்குத் தெரிந்த அப்பா அந்த "ம்" மட்டும்தான்.

ஒரு நாள் அந்த வண்டியில் மாணவியாக ஏறி உட்கார்ந்து, அந்தத் திட்டைக் காதாரக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை. கல்லூரி முடியட்டும், வேலை கிடைக்கட்டும், இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று. அப்பாவும் கூப்பிட்டுப் பார்த்தார். "என்ன அரைக் கிளட்ச், எப்ப வர்ற?"

அரைக் கிளட்ச் என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். அரைக் கிளட்சில் வண்டி உறுமும், கிளம்பாது. அவளும் ஒரு பேச்சைத் தொடங்குவாள், முடிக்க மாட்டாள். பெரியவளுக்கு டாப் கியர் என்று பெயர். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்பாவோடு போனது மகள்கள் இருவரும்தான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"குரல்வளையை எடுத்துடணும். எடுத்தா ஆள் நல்லா இருப்பார்."

"குரல்?" என்று பெரியவள் கேட்டாள்.

"கழுத்துல ஒரு துளை வழியா மூச்சு விடுவார். பேசறதுக்குக் கருவி இருக்கு, பழகிக்கலாம். ஆனா இந்தக் குரல் இருக்காது."

பெரியவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். எத்தனை மணி நேரம், யாரெல்லாம் கூட இருக்கலாம், எப்போது சாப்பிடலாம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அதுவரைக்கும் பேசலாமா, டாக்டர்?"

"தாராளமா பேசுங்க. இனிமே பேசறதால எதுவும் கெட்டுடப் போறதில்ல."

சின்னவள் அதைக் கேட்டாள். கேட்டதோடு சரி.

வெளியே வந்ததும் பெரியவள் நடைபாதையிலேயே நின்றாள். "அம்மாகிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. முதல் முதலில் 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டபோதே அம்மா மயங்கி விழுந்திருந்தாள். ரத்த அழுத்தம் ஏறி, அப்பாவைக் காட்டப் போன இடத்தில் அம்மாவைப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று.

"தொண்டையைச் சுத்தம் பண்றாங்கன்னு சொல்லிக்கலாம். ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். அப்பா எழுந்து உக்காந்திருக்கறதைக் கண்ணால பாத்துட்டாங்கன்னா, குரல் போனதைத் தாங்கிக்குவாங்க. என்னப்பா?"

அப்பா தலையாட்டினார்.

"ஆனா..." என்றாள் சின்னவள்.

"என்ன ஆனா?"

"ஒண்ணுமில்ல."

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். சுத்தம் பண்ணப் போகிறார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப குரல் பழையபடி வந்துடும், இல்ல?"

"எல்லாம் சரியாயிடும்மா" என்றாள் பெரியவள், செருப்பைக் கழற்றியபடி.

"அப்படின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சுத்தம் பண்றதுக்குள்ள பேசிப் பேசிப் புண்ணாக்கிக்கக் கூடாது." அப்பாவைப் பார்த்து விரலை ஆட்டினாள். "கேட்டுச்சா?"

அப்பா ஹார்னை எடுத்து மெதுவாக ஒரு தடவை அமுக்கினார். டீ.

சின்னவளுக்குப் பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் வேலை. டேங்கரில் வரும் பாலை அவள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் உள்ளே இறக்குவார்கள். அவளோடு வேலை செய்கிறவள் பாலின் கொழுப்பை அளப்பவள். அதனால் அவளுக்குக் கொழுப்பக்கா என்று பெயர். வாயும் அதற்கேற்ற மாதிரிதான்.

"அப்பா எப்படிடி இருக்கார்?"

"இருக்காருக்கா. அம்மா பேசவே விடறதில்ல. குரலைப் பத்திரமா வச்சிருக்காங்க."

"எதுக்கு?"

"என்ன எதுக்கு?"

"அடுத்த வாரம் எடுத்துப் போடப்போற குரலை எதுக்குடி இப்பப் பத்திரமா வைக்கிறீங்க? பீரோவுல பூட்டவா?"

சின்னவள் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் வைத்தாள். டாக்டர் சொன்ன 'தாராளமா' அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா எதற்காக அதைக் கேட்டார் என்பதும்.

அம்மாவிடம் போய், அவரைப் பேச விடு என்று சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் விழுவாள். அம்மாவின் காதுக்கு எட்டாத இடம் ஒன்றுதான் இருந்தது. தொண்டை கட்டியதிலிருந்து வகுப்பில்லாமல் வாசலிலேயே நின்ற, மஞ்சள் பலகை வைத்த வண்டி. கதவைச் சாத்திவிட்டால் அதற்குள் அப்பா என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஒரு மணி நேரம் போதும் அவளுக்கு.

கழிவறைக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் போனுக்குச் செய்தி அனுப்பினாள். "அப்பா, கார் ஓட்டக் கத்துக்கணும். நாளைக்குச் சாயந்தரம் வரவா?"

காத்துக்கொண்டிருந்த மாதிரி உடனே பதில் வந்தது. "ஐந்து மணி. செருப்பு கூடாது, ஷூ. அம்மாவிடம் கடைக்குப் போவதாகச் சொல்." சற்று விட்டு இன்னொன்று வந்தது. "நிறையத் திட்டுவேன்."

அந்தக் கடைசி வரியை அவள் வேலை முடிகிறவரைக்கும் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கொழுப்பக்கா வரவில்லை. மூன்றரைக்கு ஒரு டேங்கர் வந்து நின்றது. முந்தின வாரம் அவள் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிய அதே டேங்கர். இந்தத் தடவை முழுச் சோதனையும் முடிந்த பிறகுதான் இறக்க வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார்.

அந்தச் சோதனையில் செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. பாலில் நீலச் சாயம் கொஞ்சம் கலந்து, மிதமான வெந்நீர்த் தொட்டியில் குழாய்களை நிறுத்த வேண்டும். பாலில் கிருமி மண்டியிருந்தால் நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும். பால் நல்லதாக இருந்தால் நீலம் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலாளர் அறைக்குப் போனாள். "சார், எனக்கு இன்னிக்கு ஒரு... கொஞ்சம் சீக்கிரமா..."

"எல்லாருக்கும்தாம்மா வீடு இருக்கு. எனக்கும்தான் போகணும். வேற யார் இருக்கா, சொல்லு? நீலம் போகட்டும், நாமளும் போகலாம்."

எங்கப்பா என்னைத் திட்டணும் சார் என்று எப்படிச் சொல்வது? "கொஞ்சம் லேட்டாகும்ப்பா" என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பால் கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள். நீலம் அசையவில்லை. குழாய்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் வெளுத்திருக்கிற மாதிரி தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், இல்லை. டேங்கர் ஓட்டுநர் வாசல்படியில் குந்தியிருந்தார்.

"எப்படிம்மா இருக்கு நம்ம பால்?"

"நல்லா இருக்குண்ணே."

"இருக்காதா பின்னே? போன வாரம் உங்களுக்கு வீண் வேலை குடுத்துட்டோம்னு மனசே சரியில்ல. இந்தத் தடவை நானே பக்கத்துல நின்னு டேங்கரைக் கழுவ வச்சேன்."

"நல்லதுண்ணே" என்றாள். அழுகை வந்தது. இவ்வளவு நல்ல பாலை அவள் அந்த வருடத்தில் பார்த்ததில்லை.

அவள் வீடு திரும்பியபோது விளக்கு வைத்து வெகுநேரமாகியிருந்தது. வாசலில் பயிற்சி வண்டி நின்றது. தெருவிளக்கில் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்து, அவள் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருந்தார். கண்ணாடியையும் திருப்பி வைத்திருந்தார். அவளைப்போலக் குள்ளமான ஆள் உட்கார்ந்தால்தான் அதில் சாலை தெரியும்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்து, கையை மலர்த்தினார். என்ன ஆச்சு?

"டேங்கர்ப்பா."

"ம்" என்றார் அப்பா.

"அந்த ம்-மும் வேண்டாம்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்று சின்னவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், செவ்வாய் காலை அறுவை சிகிச்சை. ஞாயிறு முழுக்க இருக்கிறது. காலையில் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமாவும் அத்தையும். அம்மாவின் அண்ணன், அண்ணி. அவர்களுக்கும் உண்மை தெரியாது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் மாமா. ஒரு எட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு வார்த்தை பேசறதில்லண்ணா. குழந்தை மாதிரி சொன்ன பேச்சைக் கேக்கறார்."

"மாப்பிள்ளையா இது? பேசியே பிழைச்ச மனுஷனாச்சே!" என்றார் மாமா. "இந்த வித்தையை எங்க வீட்டம்மாவுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு."

"எனக்கு வேண்டாம், உங்களுக்குத்தான் வேணும்" என்றாள் அத்தை. "பஸ்ஸுல ஏறினதுலேர்ந்து வாய் மூடல. பக்கத்துல இருந்த ஆள் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டான்."

அப்பா ஹார்னை அடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மதியம் சாப்பாடு ஆயிற்று. மாமா ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். எழுந்ததும், தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிற ஆட்களின் கதைகளாக எடுத்துவிட்டார். அம்மா வாயைப் பிளந்து கேட்டாள். பெரியவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது அப்பா சாவியை எடுத்து விரலில் சுழற்றினார். சின்னவள் எழுந்தாள். "அம்மா, அப்பாவோட கடை வரைக்கும் போயிட்டு வர்றோம்."

"இப்ப எதுக்கு?"

"சோப்பு... துண்டு... ஆஸ்பத்திரிக்கு."

"நானும் வர்றேன்" என்றார் மாமா. "உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள். மாமா அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார்.

மாமாவுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. ஆனால் பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டி, வழி நெடுகப் பாடம் எடுத்தார். "மாப்பிள்ளைக்குத்தான் பேசக் கூடாதே, நான் சொல்றேன் பாரு. விடு, விடு, அதை விடு! எதை விடணுமோ அதை விடும்மா! என்னம்மா பி.எஸ்ஸி. படிச்ச, ஒரு வண்டியை நேரா விடத் தெரியல?" அப்பா கையால் காட்டினார். கிளட்ச், விரலை மெல்லத் தூக்கு. கியர், மணிக்கட்டைத் திருப்பு. வண்டி குலுங்கி நின்றது, குலுங்கிக் கிளம்பியது. அவள் ஆசைப்பட்ட மாதிரியே வண்டிக்குள் திட்டு வாங்கினாள், மாமாவிடம்.

திரும்பி வந்ததும் மாமா, "பொண்ணு பரவாயில்ல, நான் சொன்னதும் கத்துக்கிட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பெரியவளும் அவள் கணவரும் பதிவு வேலைகளைப் பார்க்க முன்னாலேயே போய்விட்டார்கள். டாக்ஸி கூப்பிடவா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்று ஹார்னை விடாமல் அடித்தார். அவரே ஓட்டினார். சின்னவள் பக்கத்தில், அம்மா பின்னால், மடியில் ஃபிளாஸ்க்கோடு.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் வண்டி நிறுத்தும் பெரிய திடல். பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது. அப்பா ஒரு மூலையில் நிறுத்தினார். அம்மா இறங்கினாள்.

"அறையைப் பாத்துட்டு வந்துடறேன். வெந்நீர் வருதா, ஜன்னல் சாத்துதான்னு பாக்கணும். பெரியவளுக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாது. ரெண்டு பேரும் இங்கயே இருங்க." ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "அப்பாவைப் பேச விடாத."

பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

அவள் கட்டடத்துக்குள் மறைகிறவரை அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வண்டியைச் சுற்றி வந்து, இவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க மேடம். உங்க சீட் அது."

பாதி காற்று, பாதி சத்தம். ஆனாலும் அந்தக் குரல்தான். மாணவிகளை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். சின்னவள் இடம் மாறி உட்கார்ந்தாள். அப்பா இருக்கையை முன்னால் இழுத்துவிட்டார். சனிக்கிழமை இழுத்து வைத்த அதே அளவு.

"சாரிப்பா. அன்னிக்கு நீலம் போகவே..."

"வகுப்புல ஆபீஸ் கதை பேசக் கூடாது. கண்ணாடியைப் பாருங்க. என்ன தெரியுது?"

"என் மூஞ்சி."

"உங்க மூஞ்சியைப் பாத்து ரசிக்கவா கம்பெனிக்காரன் கண்ணாடி வச்சிருக்கான்? பின்னாடி வர்றவன் தெரியணும், திருப்புங்க. ஸ்டீரிங்கை ஏன் அந்தப் பிடி பிடிக்கிறீங்க, அது ஓடியா போகப்போவுது?"

அவள் சிரித்தாள். சிரித்ததில் கண்ணீர் வந்து பார்வையை மறைத்தது.

"அழுதா ரோடு தெரியாது. இங்க பாருங்க. பிரேக் என்கிட்ட இருக்கு, பயம் உங்ககிட்ட இருக்கு..."

"பயத்தை என்கிட்ட குடுத்துட்டு நீங்க ஸ்டீரிங்கைப் பிடிங்க" என்று அவள் முடித்தாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்வாங்கப்பா."

"ஆமா. எல்லாருக்கும் சொல்லியாச்சு." கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "உனக்குச் சொல்ல வேண்டியது வேற."

'மேடம்' போய் 'நீ' வந்துவிட்டது. அப்பாவுக்கு இருமல் வந்தது. ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தார்.

"என்னப்பா அது?"

"முதல்ல வண்டியை எடு. ஓடிக்கிட்டே சொல்றேன். நின்ன வண்டியில எனக்குப் பேச வராது."

சாவியைத் திருகினாள். கிளட்ச், முதல் கியர். கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி ஒரு முறை குலுங்கி, பிறகு நகர்ந்தது. திடலின் ஓரமாக, ஆள் நடக்கிற வேகத்தில்.

"நல்லாத்தான் எடுக்கறே" என்றார் அப்பா. "அப்படியே போ. நீ பிறந்தப்ப நான்..."

அவர் சொல்லிக் கொடுத்தபடி அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வருகிற ஆள் தெரிந்தது. அம்மா. கையை ஆட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள்.

வேகத்தைக் கூட்டலாம். காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். திடலை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அப்பா சொல்லி முடித்திருப்பார். அவளுக்கு எந்தக் காலை அழுத்த வேண்டும் என்பது மறந்துபோயிற்று. அப்பாவும் கண்ணாடியைப் பார்த்திருந்தார். வாயை மூடிக்கொண்டு தன் பக்கத்துக் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தார். வண்டி பூப்போல நின்றது.

அம்மா பின்கதவைத் திறந்து ஏறினாள். மூச்சு வாங்கியது. "அறை இன்னும் தயாராகலையாம், கூப்பிடறோம்னாங்க. வெந்நீர் வருது. ஜன்னல்தான் சரியா சாத்தல." முன்னால் குனிந்தாள். "என்ன, பேசினீங்களா? உதடு அசைஞ்ச மாதிரி இருந்துதே?"

அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"இல்லம்மா" என்றாள் சின்னவள்.

"ஒரு ராத்திரிதான். இத்தனை மாசம் கட்டிக் காத்தாச்சு, கடைசியில வந்து கோட்டை விட்டுடாதீங்க." ஃபிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ ஓட்டுடி, சும்மாதானே இருக்கோம். அப்பா கையைக் காட்டுவார்."

சின்னவள் மறுபடி கியரைப் போட்டாள். வண்டி மெல்ல நகர்ந்தது. அப்பா விரலால் பாதையைக் காட்டினார். நேராக. இப்போது கொஞ்சம் திருப்பு.

பின்னால் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். அலுப்பு தீர்ந்த குரல். "நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். அப்புறம் எவ்வளவு வேணா பேசுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். எனக்கு மட்டும் ஆசையில்லன்னு நெனைச்சீங்களா? உங்க குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு. கண்ணு முழிச்சதும் முதல்ல என்னைத்தான் கூப்பிடணும், ஆமா. பொண்ணுங்களை அப்புறம் கூப்பிட்டுக்கலாம். ஏய்னு கூப்பிட்டாக்கூடப் போதும்."

இன்று ஒரு பகல் இருக்கிறது, ஒரு ராத்திரி இருக்கிறது. இப்போது சொல்லிவிட்டால் அம்மாவுக்கும் ஒரு பகல் கிடைக்கும். விழுந்தாலும் ஆஸ்பத்திரி வாசலில்தான் விழுவாள். இந்த ஒரு வாக்கியத்தையாவது முடித்துவிட வேண்டும்.

"அம்மா."

"சொல்லு."

"ஒண்ணு சொல்லணும். நாளைக்கு அப்பாவோட குரல்..."

வண்டி சட்டென்று நின்றது. எஞ்சின் ஒரு தடவை உதறி அடங்கிப்போயிற்று. சின்னவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவள் எதையும் மிதித்திருக்கவில்லை.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

அப்பா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுபோச்சும்மா."

"புதுசா கத்துக்கறப்ப அப்படித்தான் நிக்கும். பயப்படாத, அப்பா இருக்கார் இல்ல? என்னமோ குரல்னியே, என்ன?"

அப்பா சாவியைத் திருகச் சொல்லிக் கையைக் காட்டினார். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.